ஆடியில் வந்த கம்ப்யூட்டரும் ஆறு இலவச மென்பொருள்களும்

"எம் பொண்டாட்டி எழுதினது பூராத்தையும் உள்ள வச்சுக்கிட்டு அந்த மிஷின் தரமாட்டேங்குது. நீங்க வித்த மிஷின்தான. நீங்களே வந்து கேளுங்க."

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்குள் காலையில் முதல் ஆளாக நுழைந்து இப்படிச் சொன்னவர் சங்கரலிங்கம் சார். உள்ளூர் நூற்பாலை ஒன்றில் கணக்கர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். சாதாரணமாகக் குரலே எழும்பாத மனிதர். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எங்கள் முதலாளி சுப்பராஜு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுதினதுன்னா எது சார்? டீச்சரோட எம்.ஃபில். ஆய்வா?" என்று கேட்டேன்.

"அதேதான். திங்கக்கிழமை மதுரையில கொண்டு போய்க் கொடுக்கணும். ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாச்சு. இனிமே ஒரு நாள்கூடக் கிடையாதுன்னுட்டாங்க. அவ நேத்துல இருந்து சாப்பிடல. எங்கூடப் பேசவும் இல்ல."

கடைசி வாக்கியம் வரும்போது சத்தம் தானாகவே இறங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. ஃபிளாப்பி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு இருந்தது கவலை அல்ல, எரிச்சல். வேண்டாம் என்று நான் சொன்ன ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு மனிதர் வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பீரோவும் கம்ப்யூட்டரும்

விண்டோஸ் 98 வந்த புதிது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். பீரோ வாங்கினால் காலியாகத்தான் வரும் என்பதை ஒத்துக்கொள்கிற அதே ஆட்கள், கம்ப்யூட்டர் மட்டும் நிறைந்து வர வேண்டும் என்பார்கள். "உள்ள என்னென்னம்மா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. "விண்டோஸ் இருக்கு" என்றால் முகம் சுருங்கிவிடும்.

முன்பெல்லாம் எங்கள் கடையிலும் ஒரு காப்பி சிடி இருந்தது. உலகத்தில் விற்கிற எல்லா மென்பொருளும் அதில் திருட்டுத்தனமாக இருக்கும். அதையே எல்லா மிஷினிலும் கொட்டிக் கொடுப்போம். ஒரு தடவை அந்த சிடியில் வைரஸ் புகுந்து, நாங்கள் விற்ற மிஷின்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேர் முதலாளியைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அவர் அந்த சிடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா மகேசு, இனிமே காப்பி கிடையாது. ஓசியில நியாயமாக் கிடைக்கிறது எம்புட்டோ இருக்காம். அதுல உருப்படியானதா பொறுக்கி எடு. அது உன் டிபார்ட்மென்ட்."

இப்படித்தான் நான் ஓசி டிபார்ட்மென்டுக்குத் தலைவி ஆனேன். ஊழியரும் நான்தான்.

இன்டர்நெட் வேண்டுமென்றால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டும். போன் பில்லை நினைத்தாலே முதலாளிக்கு வியர்க்கும். எனவே கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இனாமாக வரும் சிடிக்கள்தான் என் சந்தை. அதில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் போட்டுப் பார்ப்பேன். அதற்கு முன்னால் அதோடு வரும் ‘ரீட்மி’ என்கிற குறிப்புக் கோப்பைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். கடையில் எல்லோருக்கும் அது கேலி. "மகேசு பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால இருக்கிறதையும் படிக்கிற ஆளு" என்பார் முதலாளி.

படித்துப் படித்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இனாம் என்று சொல்லிக்கொண்டு வருபவை எல்லாம் ஒரே சாதி இல்லை. சில, ஒரு மாதம் சிரித்துப் பேசிவிட்டு அப்புறம் கதவைச் சாத்திக்கொள்ளும். சில, எவ்வளவு வேண்டுமானாலும் தட்டச்சு செய்ய விடும், சேமிக்க மட்டும் விடாது. மூன்றாவது வகைதான் நிஜமான இலவசம். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு மாணவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியிருப்பான். ரீட்மியின் கடைசியில், ‘தாராளமாகப் பயன்படுத்துங்கள், நண்பர்களுக்கும் கொடுங்கள், என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்’ என்று இருக்கும். ஒருவன் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்பினால் போதும் என்று கேட்டிருந்தான். நான் கோபுரப் படம் வாங்கி அனுப்பினேன். தபால் தலை மட்டும் முதலாளி கணக்கு.

கடைசியில் ஆறு மென்பொருள்கள் தேறின. சுருக்கிய கோப்பை விரிப்பதற்கு ஒன்று. படம் பார்க்க ஒன்று. வைரஸ் பிடிக்க ஒன்று. பாட்டுக் கேட்க ஒன்று, அது இல்லாவிட்டால் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். தட்டச்சுப் பழக ஒன்று. ஆறாவதாக ஒரு தமிழ் எழுத்துரு. விண்டோஸோடு வரும் வேர்ட்பேடில் அந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு ஒரு புத்தகமே எழுதலாம். பார்க்க எதுவும் பகட்டாக இருக்காது. ஆனால் அத்தனையும் ஒரு சில ஃபிளாப்பிகளில் அடங்கிவிடும்.

ஆடித் தள்ளுபடி

சங்கரலிங்கம் சார் கம்ப்யூட்டர் வாங்கியதற்குக் காரணம் அவர் மனைவி லீலாவதி டீச்சர். பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எம்.ஃபில். சேர்ந்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. எங்கள் வட்டாரத்துப் பெண்களின் வசவுச் சொற்கள். குழாயடி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட் என்று சண்டை நடக்கும் இடமெல்லாம் நின்று காது கொடுத்து, நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிச் சேர்த்திருந்தார்.

இதை டைப்பிங் சென்டரில் கொடுக்க முடியுமா? ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் பக்கத்திலேயே அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தானாம். அதோடு தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "நானே அடிச்சுக்கிடுறேன். ஒரு மிஷின் வாங்குங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டார்.

சங்கரலிங்கம் சாருக்கு ஆடித் தள்ளுபடியும் வேண்டும், ஆடியில் புதுசாக எதையும் தொடங்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதில் எங்கள் முதலாளி கைதேர்ந்தவர். ஒவ்வொரு ஆடியிலும் அவர் கையாளும் உத்தி ஒன்று இருந்தது.

"சார், மிஷினுக்குன்னு தனியா ஒரு காலண்டர் இருக்கு. அதுல ஆவணி மொத முகூர்த்தத்தை வச்சிருதோம். நம்ம ஊர்ல ஆடியா இருந்தா என்ன, மிஷினுக்கு ஆவணி பொறந்தாச்சு. நீங்க தைரியமா சுவிட்சப் போடுங்க."

மிஷினை அவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கியதும் சார் பஞ்சாங்கத்தைப் புரட்டி நேரத்தையும் சொன்னார். நான் மிஷினின் தேதியை ஒரு மாதம் முன்னால் தள்ளி வைத்தேன். சந்தனம், குங்குமம் எல்லாம் மானிட்டருக்கு வைத்தார்கள். ஃபிளாப்பி போடும் வாயில் வைக்க வந்த கையை நான் பிடித்து நிறுத்தினேன். பிறகு என்னுடைய ஆறையும் ஏற்றிக் காட்டினேன்.

சாருக்குத் திருப்தி இல்லை. "எல்லாம் சின்னச் சின்னதா இருக்கே" என்றார். அவர் கையில் ஒரு பத்திரிகை சிடி இருந்தது. அதில் ஒரு தமிழ் மென்பொருள். திறந்தவுடன் திரையில் தாமரை விரிந்து ‘வணக்கம்’ என்று வரும். பொத்தான்கள் எல்லாம் தமிழில். பக்கத்துக்குப் பூப்போட்ட கரை வேறு.

"சார், இது ஒரு மாசத்துக்குத்தான். ரீட்மியில போட்டிருக்கு. இதுல எழுதினத இதுலதான் திறக்க முடியும். வேண்டாம்" என்றேன்.

"ஓசியில குடுக்கதுல இது பெருசுல்லா. எதுக்கு விடணும்? ஒரு மாசத்துல முடிச்சிருவா."

டீச்சரும் அந்தத் தாமரையில் விழுந்துவிட்டார். "கம்ப்யூட்டர் தமிழ்ல வணக்கம் சொல்லுது மகேஸ்வரி" என்றார். தமிழ் டீச்சரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது. நான் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வராத தேதி

வீட்டுக்குள் நுழைந்தபோது டீச்சர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் தாமரை இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. தேதி மாற்றப்பட்டிருக்கிறது, சோதனைக் காலம் முடிந்தது, தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்டவும் என்று இருந்தது.

"தேதிய யாரு மாத்தினா டீச்சர்?"

"நான்தான். முதல் அத்தியாயத்த அச்செடுத்து மதுரையில கைடுகிட்ட காட்டினேன். இந்தச் சனியன் ஒவ்வொரு பக்கத்து மேலயும் தானாத் தேதி போட்டிருக்கு. ‘என்ன டீச்சர், இன்னும் வராத தேதியில எழுதியிருக்கீங்க, எல்லாத்தையும் சரியாப் பாருங்க’ன்னு அவர் சிரிச்சாரு. எனக்கு அசிங்கமாப் போச்சு. வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா தேதியச் சரி பண்ணினேன். அதுல இருந்து திறக்கல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ஏமாற்றி ஓட்டிவிடக் கூடாது என்று அந்த மென்பொருள் கடைசியாகத் திறந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதற்கு முந்தைய தேதி தெரிந்தால் இவன் திருடன் என்று முடிவு கட்டி மூடிவிடுகிறது. அதை எழுதியவன் திருடர்களை யோசித்திருக்கிறான். ஆடியில் வாங்கிவிட்டு ஆவணியில் திறக்கிற குடும்பம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

பணம் கட்டி வாங்கலாம்தான். ஆனால் டி.டி. எடுத்துத் தபாலில் அனுப்பி, பூட்டைத் திறக்கும் சாவி எண் தபாலில் வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை அதற்காகக் காத்திருக்காது.

டீச்சர் என்னைப் பார்க்காமல் பேசினார். "காலண்டர் சீட்டு எல்லாம் இருக்கு மகேஸ்வரி. சொல் எல்லாம் சீட்டுல இருக்கு. ஆனா அதப் பத்தி நான் எழுதினது, ஏன் ஒரு பொம்பள இந்தச் சொல்ல எடுக்கா, எப்ப எடுக்கா, அதெல்லாம் நேரா இதுலதான் எழுதினேன். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. இந்தத் தடவ விட்டா பதிவு ரத்தாயிரும். இந்த வயசுல இது எதுக்குன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நானே பதில் சொன்ன மாதிரி ஆயிரும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் சுமந்து வந்த எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சங்கரலிங்கம் சார் உட்கார்ந்திருந்தார். "சார், அந்தப் பஞ்சாங்கத்த எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"மிஷின மறுபடியும் ஆவணிக்குக் கூட்டிட்டுப் போகணும். நல்ல நேரம் எப்பன்னு பாருங்க."

விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் நிஜமாகவே பார்த்துச் சொன்னார். டீச்சர் கடைசியாக அதில் எழுதிய நாள் மிஷின் கணக்கில் எது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மறுநாளை வைத்தேன். மென்பொருளைத் திறந்தேன்.

தாமரை விரிந்தது. ‘வணக்கம்’ என்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சார் வாசலில் நின்று, "ஆவணிதான் சரின்னு நான் மொதல்லயே சொன்னேன்ல" என்றார். அவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடியும் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

விளக்குமாற்றோடு வந்தவர்

திறந்துவிட்டது, ஆனால் சோதனைக் காலத்தில் ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் வேறு ஏதாவது காரணம் சொல்லி மூடிக்கொண்டால் என்ன செய்வது? இனி இதை நம்ப முடியாது. எழுதியதை வெளியே எடுத்துவிட வேண்டும். வேறு வகைக் கோப்பாகச் சேமிக்கும் பொத்தான், பணம் கட்டியவர்களுக்கு மட்டும். ஆகவே ஒவ்வொரு அத்தியாயமாகத் தேர்வு செய்து, காப்பி எடுத்து, நான் முதல் நாளே காட்டிய அந்தச் சாதாரண வேர்ட்பேடில் ஒட்டி, என்னுடைய இலவச எழுத்துருவைக் கொடுத்தேன். நல்ல வேளையாக இரண்டு எழுத்துருக்களிலும் எழுத்துகளை அடுக்கியிருந்த வரிசை பெரும்பாலும் ஒன்று. சில எழுத்துகள் மட்டும் இடம் மாறிவிட்டன. ‘ழ’ வர வேண்டிய இடத்தில் கட்டம் வந்தது. சில கொம்புகள் காணாமல் போயின.

வசவில் ஒரு கொம்பு போனால் அர்த்தமே போய்விடும் என்றார் டீச்சர். எனவே நான் சீட்டுகளைப் பார்த்து வாசிக்க வேண்டும், அவர் திரையில் திருத்த வேண்டும்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கௌரவமான வீடு, ஜன்னல் திறந்திருக்கிறது. மெல்ல ஆரம்பித்தேன். "எடுபட்ட பய. கரிமுடிவான்."

"சத்தமா வாசி. ஃபேன் சத்தத்துல கேக்கல" என்றார் டீச்சர், வகுப்பறைக் குரலில்.

"கட்டையில போவான். பேதியில போவான். நீ வெளங்கவே மாட்ட."

"இன்னும் சத்தமா. அடுத்தது."

போகப் போக எனக்கே ருசி தட்டிவிட்டது. குரல் ஏறி, கையும் நீண்டது. "ஒன் கொடத்துல ஓட்ட விழ, ஒன் வீட்டு விருந்தாளிக்கு விக்கல் வர" என்று ஜன்னலைப் பார்த்து ஓங்கி வாசித்துக்கொண்டிருந்தபோது வாசற்கதவு படாரென்று திறந்தது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். கையில் விளக்குமாறு.

"யாரு அது, டீச்சர் வீட்டுக்குள்ள வந்து சண்டை போடுதது? ஏட்டி, நீயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு சட்டென்று நின்றார். "இப்ப சொன்னியே, கொடத்துல ஓட்ட விழன்னு. அது நாஞ் சொன்னதுல்லா? போன மாசம் குழாயடியில."

டீச்சர் எழுந்து நின்றார். சீட்டுகளை மறைக்கக் கை போய், பாதியில் நின்றது.

"ஆமா பேச்சி. நீ சொன்னதுதான். எழுதி வச்சுக்கிட்டேன். யுனிவர்சிட்டிக்கு ஆராய்ச்சி எழுதுறேன்."

"யுனிவர்சிட்டிக்கா? நான் ஏசுனதையா?"

"உன்னது மட்டும் இல்ல. ஆனா நல்லதெல்லாம் உன்னதுதான்."

பேச்சியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். தன் வசவைக் கண்டுபிடித்து, விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார். கூடத்தில் பேப்பர் சத்தம்கூட நின்றுவிட்டது.

"எம் பேரு எங்க?"

"பேரு போடல பேச்சி. உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்கே. நாஞ் சொன்ன சொல்ல வச்சு நீங்க பட்டம் வாங்குவீய, எம் பேரு மட்டும் அசிங்கமாக்கும்? எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. இன்னும் கேட்டாலும் தாரேன். காசா கேக்கேன்? பேரப் போடுங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே எத்தனையோ ரீட்மியில், ஆங்கிலத்தில், கடைசி வரியாகப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் எல்லாம் எங்கோ கடல் தாண்டி இருந்தார்கள். அந்தக் குரல் மடவார் வளாகத்தில் பக்கத்து வீட்டிலிருந்து விளக்குமாற்றோடு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் மறுபடியும் உட்கார்ந்தார். நன்றியுரைப் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கைடின் பெயருக்கு அடுத்த வரியில் வந்தது பேச்சியம்மாளின் பெயர். கணவர் பெயருக்கு மேலே.

"இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சச் சீட்டுகளை எனக்குப் பதில் அவரே வாசித்தார். எந்த இடத்தில் குரலை இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாததெல்லாம் அவர் வாசித்தபோது இருந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் கடைசி அத்தியாயமும் வேர்ட்பேடுக்கு வந்துவிட்டது. இரண்டு ஃபிளாப்பிகளில் எடுத்து, எழுத்துருவையும் கூடவே போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் டீச்சர் சாப்பிட உட்கார்ந்தார். என்னையும் விடவில்லை. பரிமாறியது சங்கரலிங்கம் சார்.

திங்கட்கிழமை ஆய்வு போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு வந்த சார், பழையபடி மெல்லிய குரலில், "கொடுத்தாச்சும்மா" என்றார். பிறகு, "எங்கூடப் பேசிட்டா" என்றார். போகும்போது திரும்பி நின்று, "அந்தத் தாமரைய அழிச்சிரலாமா?" என்று கேட்டார். நிஜ ஆவணி பிறந்ததும் நானே போய் அழித்துவிட்டு வந்தேன். தேதியையும் சரி செய்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மென்பொருள்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்த ஆறில் ஒன்றுகூட இப்போது புழக்கத்தில் இல்லை. அதனால் இதைப் போடு, அதைப் போடு என்று நான் பட்டியல் சொல்ல மாட்டேன். இலவசமாக வருகிற எதையும் மிஷினில் ஏற்றும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எனக்குக் கொடுப்பதற்குப் பதிலாக என்ன கேட்கிறது? நான் எழுதியதை நான் கேட்கும்போது திருப்பித் தருமா? முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் யாரும் படிக்காத கடைசி வரியில் இருக்கும்.

போன வருஷம் டீச்சர் அந்த ஃபிளாப்பியில் ஒன்றை என்னிடம் கொடுத்து, திறக்குமா என்று கேட்டார். பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். எழுத்துருவை ஏற்றிவிட்டுச் சொடுக்கினேன். தாமரையும் வரவில்லை, வணக்கமும் வரவில்லை. நேராக நன்றியுரை வந்தது. இரண்டாவது வரியில் பேச்சியம்மாள், ஒரு கொம்புகூடக் குறையாமல்.